அந்த ஃபேக்ஸ் யாருக்குப் போச்சு?

2004 டிசம்பர் 26. சுமத்ரா பக்கம் கடலடியில் பூமி ஆடினது நம்ம நேரப்படி காலை 6.29. கார் நிகோபார் விமானப்படைத் தளத்திலிருந்து 7.30க்குச் சென்னைக்குத் தகவல் வருது. 7.50க்குக் கடைசித் தகவல்: தீவு மூழ்குது. சென்னையில் அலை ஏறினது ஒன்பது மணியை ஒட்டி. அதாவது ஒரு மணி நேரம் கையில் இருந்துச்சு.

அந்த நேரத்துல என்ன நடந்துச்சு? தகவல் டெல்லியை நோக்கி ஏறுச்சே தவிர, நாகப்பட்டினம் பக்கம் திரும்பவே இல்லை. வானிலைத் துறை 8.54க்கு அனுப்பின ஃபேக்ஸ் போனது முரளி மனோகர் ஜோஷிக்கு. அவர் முன்னாள் அமைச்சர்ங்க! ஆட்சி மாறி ஏழு மாசம். (நம்ம திருப்பூர் பனியன் கம்பெனியில பையர் மாறினா மறுநாளே நம்பரை மாத்திடுவாங்க.) உள்துறைக்குப் போனது 9.14க்கு.

அதே காலையில் புதுச்சேரி நல்லவாடு. சிங்கப்பூரில் இருந்த ஊர்க்காரர் டிவியில பார்த்துட்டு வீட்டுக்குப் போன் பண்றார். எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தோட தகவல் மையப் பூட்டை உடைச்சு, ஒலிபெருக்கியில் கத்தினாங்க. 3,500க்கு மேல ஜனம். ஒருத்தர்கூடச் சாகலை.

2007ல் ஹைதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் வந்துச்சு. 2012 ஏப்ரல் 11 நிலநடுக்கத்தப்போ எட்டே நிமிஷத்துல அறிவிப்பு போச்சு. அன்னிக்கு உங்க கடலோர ஊர்ல அதை யார் வந்து சொன்னாங்க? தெரிஞ்சவங்க எழுதுங்களேன்.