காரா, சரக்கு வண்டியா? – ஒரு சட்டம் வண்டிகளைச் செதுக்கிய கதை

அமெரிக்காவின் கிரைஸ்லர் நிறுவனம் 2001-ஆம் ஆண்டு மாடலாக ஒரு சிறிய வண்டியை விற்பனைக்கு விட்டது. 'பி.டி. குரூசர்' என்பது அதன் பெயர். நான்கு பக்கக் கதவுகள், ஐந்து பேர் அமரும் இருக்கைகள், பழங்காலக் கார்களை நினைவூட்டும் முகப்பு. உங்களிடம் காட்டினால் தயங்காமல் 'கார்' என்பீர்கள். ஆனால் அந்நாட்டு எரிபொருள் சிக்கனச் சட்டத்தின் ஏட்டில் அது கார் அன்று, சரக்கு வண்டி! பின் இருக்கைகளைக் கழற்றி வெளியே எடுத்துவிட்டால் வண்டியின் தளம் மேடுபள்ளமின்றிச் சமமாகிவிடும். சட்டத்திற்கு அது போதுமானதாக இருந்தது.

இது வேடிக்கையான செய்தி மட்டுமன்று. ஒரு சட்டம் எதை அளக்கிறதோ, எதற்கு என்ன பெயர் சூட்டுகிறதோ, அதைப் பொறுத்தே தொழிற்சாலையில் வண்டி உருவாகிறது. கடையில் நமக்குக் கிடைப்பதும் அதுவே. இதற்கு அமெரிக்காவின் ஐம்பதாண்டு அனுபவத்தைவிடச் சிறந்த பாடம் வேறில்லை.

எண்ணெய் நின்ற நாள்

1973 அக்டோபரில் அரபு நாடுகளுக்கும் இஸ்ரேலுக்கும் போர் மூண்டது. இஸ்ரேலுக்கு ஆயுதம் கொடுத்த அமெரிக்காவுக்கு எண்ணெய் விற்பதில்லை என அரபு நாடுகள் தடை விதித்தன. பீப்பாய் ஒன்றுக்குச் சுமார் 3 டாலராக இருந்த கச்சா எண்ணெய் விலை, சில மாதங்களுக்குள் 12 டாலரை நெருங்கியது. பெட்ரோல் நிலையங்களில் கார்கள் நீண்ட வரிசையில் காத்துக் கிடந்தன.

அக்காலத்து அமெரிக்கக் கார்கள் நீளமானவை, கனமானவை. ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு ஆறு கிலோமீட்டர் ஓடினாலே பெரிது. இந்நிலையை மாற்ற இரு வழிகள் இருந்தன. பெட்ரோல் மீது வரியைக் கூட்டி மக்களைச் சிக்கனத்துக்குப் பழக்குவது ஒன்று. இது வாக்காளருக்குக் கசக்கும் மருந்து. வண்டி செய்பவர்களையே கட்டுப்படுத்துவது மற்றொன்று. அமெரிக்க நாடாளுமன்றம் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தது. 1975 டிசம்பர் 22 அன்று குடியரசுத் தலைவர் ஜெரால்டு ஃபோர்டு அச்சட்டத்தில் கையெழுத்திட்டார்.

சட்டம் கூறியது இதுதான்: ஒரு நிறுவனம் ஓராண்டில் விற்கும் எல்லாக் கார்களின் சராசரி எரிபொருள் சிக்கனம் 1978-இல் காலனுக்கு 18 மைலாக இருக்க வேண்டும், 1985-இல் 27.5 மைலை எட்ட வேண்டும். நமது அளவில் லிட்டருக்கு 7.7 கி.மீ.யிலிருந்து 11.7 கி.மீ. குறிக்கோளுக்கு 0.1 மைல் குறைந்தாலும், விற்ற ஒவ்வொரு காருக்கும் 5 டாலர் அபராதம். ஒரு மைல் குறைந்து, பத்து இலட்சம் கார்களை விற்றிருந்தால் அபராதம் 5 கோடி டாலர்!

சராசரி என்பது எந்தச் சராசரி?

இங்கே சற்று நின்று ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள். வகுப்பில் நான் மாணவர்களிடம் இதைக் கேட்பது வழக்கம். லிட்டருக்கு 5 கி.மீ. ஓடும் வண்டி ஒன்று, 20 கி.மீ. ஓடும் வண்டி ஒன்று. இரண்டும் ஆளுக்கு 1000 கி.மீ. ஓடுகின்றன. சராசரி என்ன? '12.5' என்று பல குரல்கள் உடனே எழும். அது தவறு. முதல் வண்டி 200 லிட்டரும் இரண்டாவது 50 லிட்டரும் குடித்துள்ளன. ஆக 250 லிட்டரில் 2000 கி.மீ.; சராசரி 8 கி.மீ.தான். இதற்கு இசைச் சராசரி என்று பெயர். சட்டமும் சரியாக இந்தச் சராசரியையே கையாண்டது.

இக்கணக்கிலிருந்து ஓர் உண்மை புலப்படும். 5 கி.மீ. வண்டியைச் சீர்திருத்தி 7 கி.மீ. ஓடச் செய்தால் அது 143 லிட்டரே குடிக்கும். மிச்சம் 57 லிட்டர். ஆனால் இரண்டாவது வண்டி பெட்ரோலே இல்லாமல் ஓடினாலும் மிச்சமாவது 50 லிட்டர்தானே! அதாவது, எண்ணெயை மிச்சப்படுத்த விரும்பினால் அதிகம் குடிக்கும் வண்டியின் மீதுதான் முதலில் கை வைக்க வேண்டும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மெலிந்த கார்கள்

சட்டத்தின் முதல் பலன் விரைவிலேயே தெரிந்தது. ஒரு காரை வேகப்படுத்தத் தேவையான ஆற்றல் அதன் நிறையைப் பொறுத்தது. எனவே பொறியாளர்கள் முதலில் எடையைக் குறைத்தனர். 1975-க்கும் 1980-களின் தொடக்கத்துக்கும் இடையே புதிய கார்களின் சராசரி எடை ஏறத்தாழ 400 கிலோகிராம் குறைந்தது. எஞ்சின்கள் சிறுத்தன. முன் சக்கரங்களையே இயக்கும் அமைப்பு பரவியதால், பின் அச்சுக்கு விசையைக் கொண்டுசெல்லும் நீண்ட தண்டு தேவையற்றுப் போயிற்று.

சாலையில் உண்மையாகக் கிடைக்கும் அளவைக் கொண்டு மதிப்பிட்டால், கார்களும் சிறு சரக்கு வண்டிகளும் சேர்ந்த புதிய வண்டிகளின் சராசரி 1975-இல் லிட்டருக்கு 5.6 கி.மீ.; 1987-இல் 9.4 கி.மீ. பன்னிரண்டு ஆண்டுகளில் இது பெரும் முன்னேற்றம். எண்ணெய் விலை உயர்ந்திருந்ததும் இதற்குத் துணை செய்தது என்பதை மறக்கலாகாது.

ஆனால் அந்த 1987-உடன் ஏற்றம் நின்றது. பிறகு இறக்கம் தொடங்கியது. 2004-இல் சராசரி 8.2 கி.மீ.க்கு வந்துவிட்டது. கார்களுக்கான விதி தளர்ந்து போனதா? இல்லை. 1986 முதல் 1989 வரை சிறிது குறைக்கப்பட்ட குறிக்கோள், 1990-இல் மீண்டும் 27.5 மைலுக்கே வந்துவிட்டது. பின் ஏன் இந்த வீழ்ச்சி?

பக்கத்து வாசல்

விடை சட்டத்தின் ஒரு பாகுபாட்டில் இருந்தது. விவசாயியும் தச்சரும் குழாய் வேலை செய்பவரும் தங்கள் தொழிலுக்குத் திறந்த சரக்குத் தட்டுள்ள 'பிக்கப்' வண்டிகளைப் பயன்படுத்தினர். சுமை ஏற்றும் வண்டியைக் காருடன் ஒப்பிடுவது நியாயமன்று என்று கருதி, 'லேசான சரக்கு வண்டிகள்' எனத் தனி வகுப்பு அமைத்து, அவற்றுக்குக் குறைந்த குறிக்கோளை வைத்தனர். 1996 முதல் 2004 வரை கார்களுக்கு லிட்டருக்கு 11.7 கி.மீ.; இவற்றுக்கோ 8.8 கி.மீ. மட்டுமே. சுமையுடன் சேர்த்து 8,500 பவுண்டு, அதாவது சுமார் 3,850 கிலோகிராமுக்கு மேற்பட்ட வண்டிகளுக்கு அக்காலத்தில் கட்டுப்பாடே இல்லை. இது தவிர, அதிகம் எண்ணெய் குடிக்கும் கார்களை வாங்கும்போது செலுத்த வேண்டிய தனி வரி ஒன்றும் 1978-இல் சட்டமாயிற்று. அதுவும் சரக்கு வண்டிகளைத் தொடவில்லை.

நீர் பள்ளத்தை நாடும். தொழிலும் அப்படியே. பெரிய குடும்பங்கள் விரும்பி வாங்கிய 'ஸ்டேஷன் வேகன்' என்ற நீண்ட கார், கார் வகுப்பின் சராசரியைக் கீழே இழுத்தது. அதன் இடத்திற்கு 1984 மாடலாகக் கிரைஸ்லரின் 'மினிவேன்' வந்தது. கழற்றத்தக்க இருக்கைகள் இருந்ததால் அது சரக்கு வண்டி வகுப்பில் சேர்ந்தது. அதே காலத்தில் ஜீப் செரோக்கியும், 1990-இல் ஃபோர்டு எக்ஸ்புளோரரும் வந்தன. நான்கு சக்கரங்களுக்கும் விசை செல்லும் அமைப்பும், தரையிலிருந்து போதிய உயரமும் இருந்தால், காட்டுப் பாதையில் செல்லத்தக்கது என்ற பெயரில் அவையும் சரக்கு வண்டிகளே. பெரும்பாலும் அவை சென்றதோ பள்ளிக்கும் கடைத்தெருவுக்கும்தான்!

1975-இல் விற்ற புதிய வண்டிகளில் ஐந்தில் ஒன்றே லேசான சரக்கு வண்டி. 2004-இல் ஏறத்தாழ பாதி. எவரும் சட்டத்தை மீறவில்லை. கார்களின் சராசரியும் பெரிதாகக் கெடவில்லை. ஆனால் கார் வாங்க வேண்டியவர்கள் அதிகம் குடிக்கும் வகுப்புக்கு மாறியதால், மொத்தச் சராசரி சரிந்தது. மேலே போட்ட கணக்கு இப்போது உங்கள் நினைவுக்கு வரும்! பழியை எல்லாம் சட்டத்தின் மீதே போடுவதும் சரியன்று. 1986-இல் எண்ணெய் விலை வீழ்ந்தது. மக்களும் உயரமான வண்டிகளை விரும்பினர். எஞ்சின் நுட்பத்தில் ஏற்பட்ட முன்னேற்றம் சிக்கனத்துக்குப் பதில் வலிமைக்கே செலவாயிற்று. 1987-இல் சுமார் 120 குதிரைத்திறனாக இருந்த சராசரி, 2004-இல் 210-ஐத் தொட்டது.

உயிரின் கணக்கு

இதில் இன்னொரு பக்கமும் உண்டு. கனமான வண்டியும் இலேசான வண்டியும் மோதும்போது, உந்த அழிவின்மை விதிப்படி இலேசான வண்டியின் திசைவேகமே அதிகம் மாறுகிறது. உள்ளிருப்பவர் தாங்கும் அதிர்ச்சியும் அதற்கேற்ப மிகுதி. 2002-இல் அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகத்தின் குழு ஒன்று இச்சட்டத்தை ஆராய்ந்தது. சட்டம் மட்டும் இல்லாதிருந்தால் எரிபொருள் செலவு சுமார் 14 சதவீதம் கூடியிருக்கும் என்று அது கூறியது. அதே குழு, கார்கள் சிறுத்து எடை குறைந்ததால் 1993 என்ற ஓராண்டில் மட்டும் 1,300 முதல் 2,600 வரை கூடுதல் மரணங்கள் நேர்ந்திருக்கலாம் என்றும் மதிப்பிட்டது. குழுவின் உறுப்பினர் இருவர் இரண்டாவது முடிவை ஏற்க மறுத்து, தம் கருத்தைத் தனியே பதிவு செய்தனர். கேள்வி அத்துணை எளிதன்று.

சக்கரங்களுக்கு இடைப்பட்ட பரப்பு

சிறிய கார் செய்தால்தான் தேறலாம் என்ற நெருக்கடியைப் போக்கப் புதிய முறை ஒன்று வந்தது. 2008 மாடல்கள் முதல் லேசான சரக்கு வண்டிகளுக்கும் 2011 முதல் கார்களுக்கும், வண்டியின் அடிப்பரப்பைப் பொறுத்துக் குறிக்கோள் வகுக்கப்பட்டது. நான்கு சக்கரங்களும் தரையைத் தொடும் புள்ளிகளை இணைத்தால் கிடைக்கும் செவ்வகமே அந்தப் பரப்பு. பரப்பு பெரிதானால் குறிக்கோள் தளரும். வண்டியைச் சுருக்கிச் சராசரியை உயர்த்தும் குறுக்கு வழி அடைபட்டது. ஆனால் வண்டியை அகட்டி எளிய குறிக்கோளைப் பெறும் வழி திறந்தது.

வகுப்புப் பிரிவினையும் மறையவில்லை. 2011 முதல், இரு சக்கரங்களுக்கு மட்டும் விசை செல்லும் சிறிய எஸ்.யூ.வி. வண்டிகள் கார் வகுப்புக்கு மாற்றப்பட்டன. அதே வண்டி, அதே கடையில், நான்கு சக்கரங்களுக்கும் விசை செல்லும் அமைப்புடன் நின்றால் அது சரக்கு வண்டி! 2018-இல் ஃபோர்டு நிறுவனம், வட அமெரிக்காவில் தன் சாதாரணக் கார்களில் பெரும்பாலானவற்றைக் கைவிடப்போவதாக அறிவித்தது. 2020-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் விற்ற புதிய வண்டிகளில் பாதிக்கு மேல் லேசான சரக்கு வண்டி வகுப்பைச் சேர்ந்தவை. சிறிய, மலிவான கார் ஒன்றை வாங்க நினைப்பவருக்கு அங்கே தேர்ந்தெடுக்க அதிகம் இல்லை.

2025 ஜூலை 4 அன்று கையெழுத்தான ஒரு சட்டம், மேலே கண்ட அபராதத்தைப் பூஜ்யமாக்கிவிட்டது. விதி ஏட்டில் இருக்கிறது. அதை மீறினால் இழப்பு ஏதுமில்லை.

நமக்கு என்ன?

இது அமெரிக்காவின் கதை என்று நாம் ஒதுங்கிவிட முடியாது. இந்தியாவிலும் 2017 ஏப்ரல் முதல் கார் நிறுவனங்களுக்குச் சராசரி எரிபொருள் விதி நடைமுறைக்கு வந்தது. 2022 முதல் அது மேலும் கடுமையாயிற்று. அந்த விதியில் குறிக்கோளை நிர்ணயித்தது அடிப்பரப்பு அன்று; நிறுவனம் விற்கும் கார்களின் சராசரி எடை. எடை கூடினால் குறிக்கோள் தளரும்.

ஆகவே, அடுத்த முறை தெருவில் ஒரு புதிய வண்டியைக் காணும்போது, 'இதன் எஞ்சின் என்ன?' என்று மட்டும் கேளாதீர்கள். 'இதை அளந்த அளவுகோல் எது? அந்த அளவுகோல் எதை அளக்கத் தவறியது?' என்றும் கேளுங்கள். அளவையியல் ஆய்வுக்கூடத்தோடு முடிந்துவிடும் பாடமன்று. தவறான அளவுகோலைக் கையில் கொடுத்தால், திறமையான பொறியாளர்கள் அதற்கேற்ற தவறான வண்டியைத் திறமையாகவே செய்து தருவார்கள்.