ஆவி நின்றால் என்ன செய்வோம்?

கரண்ட் வராத காலத்தில் கல்முனைக் கல்யாண வீடுகளுக்கு பெற்றோல்மெக்ஸ்தான் வெளிச்சம். அதில் எரிவது மண்ணெண்ணெயின் ஆவி. நிப்பிளில் கரி அடைத்தால் ஆவி நின்றுபோகும். நம்மட மூத்தவாப்பாமார் ஊசியால குத்திச் சரிபண்ணுவாங்க.

இன்று எங்கட வயசுப் பொடியன்மார் கையில் இருக்கிற வேப்பும் ஆவிக் கருவிதான். தொட்டியில் திரவம், அதை உறிஞ்சும் பஞ்சு, சூடாகும் கம்பிச்சுருள், பற்றரி. திரவம் குறைந்தாலோ, பஞ்சு கருகினாலோ, சுருள் பழுதானாலோ ஆவி வராது. சுருளை மாற்றினால் திரும்ப வரும்.

ஆவியோடு என்ன திரும்ப வருகிறது? 1963இல் அமெரிக்காவில் ஹேர்பட் கில்பர்ட் வடிவமைத்த கருவியில் நிக்கொட்டின் இல்லை. அது சந்தைக்கே வரவில்லை. 2003இல் சீன மருந்தாளர் ஹொன் லிக் உருவாக்கியதில் நிக்கொட்டின் இருந்தது. அது உலகமெல்லாம் பரவியது. நிக்கொட்டின் பழகினவர் திரும்பத் திரும்ப வாங்குவார்.

இலங்கையில் 2016இல் புகையிலை கலந்த இ-சிகரெட் விற்பனை தடைசெய்யப்பட்டது. கள்ளமாய் வரும் போத்தலுக்குள்ள என்ன இருக்கெண்டு பொறுப்பாச் சொல்ல ஆளில்லை.

மூத்தவாப்பாமார் நிப்பிளைக் குத்தினது வெளிச்சத்துக்காக. நாம இதை எதுக்காகத் திருத்துறோம்?