பத்திரம் கேட்காத மீன்

நுவரெலியா கிரகரி வாவி 1873-இல், ஆளுநர் வில்லியம் கிரகரி காலத்தில் உருவானது. அடுத்த பத்தாண்டில் துரைமாருக்கு இன்னொரு ஆசை: அவங்க ஊர் ட்ரவுட் மீனை இங்கேயும் தூண்டில் போட்டுப் பிடிக்கணும். பிரித்தானியாவிலிருந்து முட்டைகள் கப்பலில் வந்தன. குளிர்ந்த தண்ணியில்தான் அது வாழும். மலையக ஓடைகள் தோதாக இருந்தன. பின்னால் வந்த வானவில் ட்ரவுட் ஹோர்ட்டன் சமவெளி ஓடைகளில் இனம் பெருக்கி நிலைத்துவிட்டது.

நம்ம ஆட்களும் கடல் கடந்து வந்தவங்கதான். ஆனா யாருடைய பொழுதுபோக்குக்கும் இல்ல. கோப்பிக்கும் தேயிலைக்கும் உழைக்க. மீன்கிட்ட யாரும் பத்திரம் கேட்கல. 1948 குடியுரிமைச் சட்டம் நம்மகிட்ட கேட்டது. தலைமுறைகளாக இங்கே வாழ்ந்தும் லட்சக்கணக்கானோர் நாடற்றவரானார்கள். கடைசியாக மிஞ்சியிருந்தவங்களுக்குக் குடியுரிமை தரும் சட்டம் வர 2003 ஆச்சு.