காற்றின் வேகம் மழையின் அளவாகாது: ஃபெஞ்சல் புயலும் கரையாம்புத்தூர் வட்டாரமும்

தானே புயல் 2011 டிசம்பர் 30 காலை கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தபோது காற்று மணிக்கு 120 முதல் 140 கி.மீ. வேகத்தில் அடித்தது. பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரிக்கு அருகே கரையேறிய ஃபெஞ்சலின் காற்றோ மணிக்கு 70, 80 கி.மீ. அளவில்தான் இருந்தது. ஆனால் புதுச்சேரியில் ஒரே நாளில் ஏறத்தாழ 48 செ.மீ. மழை கொட்டியது. அதற்கு முந்தைய முப்பதாண்டு உச்சம், 2004 அக்டோபர் 31இல் பதிவான 21 செ.மீ. வலுவான தானே அந்த அளவை எட்டவில்லை. வலுக்குறைந்த ஃபெஞ்சல் அதை இரண்டு மடங்குக்கும் மேல் தாண்டியது.

புயல்காற்று எவ்வளவு வேகமோ அவ்வளவு மழை என்ற எண்ணம் இங்கே பொய்த்தது. மழை உருவாகும் விதத்தைப் பார்த்தால் அது பொய்க்கத்தான் வேண்டும் என்பது விளங்கும்.

மழையின் தொடக்கம் மிகச் சிறியது. வங்கக் கடலில் அலை உடைந்து தெறிக்கும் உப்புத்துகள்கள் காற்றோடு மேலே போகின்றன. உயரம் கூடக் கூடக் காற்று குளிர்கிறது; அதிலுள்ள நீராவி அந்த உப்பைப் பற்றிக்கொண்டு துளியாகிறது. அப்படிப் பிறக்கும் மேகத்துளியின் ஆரம் மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு. அது விழும் வேகம் நொடிக்கு ஒரு சென்டிமீட்டர் அளவே; சிறு மேலெழும் காற்றே அதைத் தாங்கிவிடும். ஒரு மில்லிமீட்டர் ஆரமுள்ள மழைத்துளி ஒன்று உருவாக இத்தகைய துளிகள் பத்து லட்சம் சேர வேண்டும். நீராவி படிந்து மட்டும் துளி இவ்வளவு பெரிதாவதற்கு மேகத்தின் ஆயுள் போதாது.

இந்த இடைவெளியை நிரப்பும் வழிகள் இரண்டு. ஒன்று, சுவீடன் நாட்டு வானிலை அறிஞர் தோர் பெர்ஜெரான் 1930களில் விளக்கியது. பூச்சியம் பாகைக்குக் கீழும் உறையாமல் நிற்கும் நீர்த்துளிகளுக்கு நடுவே பனிப்படிகம் ஒன்று தோன்றினால், துளிகள் ஆவியாகி இளைக்க, படிகம் அந்த ஆவியைக் கொண்டு பெருக்கிறது. கனமாகி விழும் வழியில் உருகி மழையாகிறது. கனமழை ஏறத்தாழ எல்லாமே பனியாகத்தான் தொடங்குகிறது என்று அவர் கருதினார்.

வெப்பமண்டலக் கடற்கரை அந்தக் கருத்தைத் திருத்தியது. நம் பகுதியில் உறைநிலை ஏறத்தாழ 5 கி.மீ. உயரத்தில்தான் தொடங்கும். கார்த்திகை விடியலில் கடலிலிருந்து தாழ்வாக வரும் மேகங்கள் பல அந்த உயரத்தைத் தொடுவதே இல்லை. ஆனாலும் பத்து நிமிடம் சடசடவெனப் பெய்துவிட்டுப் போகின்றன. அவற்றில் பெரிய துளி வேகமாக விழும்போது வழியிலுள்ள சிறு துளிகளை மோதித் தன்னோடு சேர்த்துக்கொள்கிறது. இது இரண்டாவது வழி. புயல் மேகத்தில் கீழே இதுவும் மேலே பனியும் சேர்ந்தே வேலை செய்கின்றன. 

துளி பெருக்கும் வழி தெரிந்தாலும் 48 செ.மீ. எங்கிருந்து வந்தது என்பது மிச்சமிருக்கிறது. ஈரம் நிறைந்த நாளிலும் ஓரிடத்தின் தலைக்கு மேலுள்ள நீராவி முழுவதையும் நீராக்கினால் 6 அல்லது 7 செ.மீ. உயரமே வரும். ஆகவே அன்று அந்த வான்பரப்புக்குக் குறைந்தது ஆறு முறை புது ஈரம் வந்து சேர்ந்திருக்க வேண்டும். ஈரத்தைக் கொடுத்தது கடல். ஒரு கிலோ நீராவி துளியாகும்போது வெளிவரும் ஏறத்தாழ 25 லட்சம் ஜூல் வெப்பம் காற்றை மேலும் உயர்த்த, அடியில் மேலும் ஈரக்காற்று உள்ளே இழுபடுகிறது. தானே கடந்து போய்விட்டது. ஃபெஞ்சல் கரையேறிய பின்னும் பல மணி நேரம் நகராமல் நின்றது. மழையளவைத் தீர்மானித்தது அந்த நேரமே.

புதுச்சேரியின் பாகூர் தாலுகாவில் தென்மேற்கு மூலையிலுள்ள கரையாம்புத்தூருக்கு இதில் இன்னொரு பாடமும் உண்டு. ஊரின் தெற்கே ஓடுவது தென்பெண்ணை. சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியாகப் பாகூர் ஏரிக்கு நீர் தருவதும் அதுவே. ஃபெஞ்சலின் மிச்சம் உள்நாட்டில் நகர்ந்து கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரையில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 செ.மீ. பெய்தது. தென்பெண்ணையின் மேல்பகுதியிலுள்ள சாத்தனூர் அணை நிரம்பி, டிசம்பர் 2ஆம் தேதி நொடிக்கு ஒரு லட்சம் கனஅடிக்கும் மேல் நீர் திறக்கப்பட்டது. பாகூர் பகுதியில் மழை ஓய்ந்த நிலையில் வெள்ளம் ஊருக்குள்ளும் வயலுக்குள்ளும் புகுந்தது.

இந்திய வானிலை ஆய்வுத் துறையின் வகைப்பாட்டில் 20.4 செ.மீ.க்கு மேற்பட்டதெல்லாம் அதி கனமழை, 21 செ.மீ.யும் 48 செ.மீ.யும் அதில் ஒன்றே. சம்பா நட்ட விவசாயிக்கு அந்த ஒற்றைச் சொல் போதாது. புயல் எந்த வேகத்தில் நகர்கிறது, எங்கே நிற்கக்கூடும், தென்பெண்ணையின் மேல்பகுதியில் எத்தனை செ.மீ. பெய்தது என்ற மூன்றும் எச்சரிக்கையில் இடம்பெற வேண்டும். ஆற்றங்கரைக் கிராமங்கள்தோறும் மழைமானி வைத்து, அதன் அளவை மாநில எல்லை பாராமல் அன்றன்றே பகிர்ந்துகொள்ளும் ஏற்பாட்டைப் புதுச்சேரியும் தமிழகமும் சேர்ந்து செய்ய வேண்டும்.