ஒரு நாட்டிற் பல சட்டங்கள்

சட்டம் என்னும் சொல்லைக் கேட்டவுடன் பலருடைய மனத்தில் எழுவன காவல் நிலையமும் குற்றவாளிக் கூண்டும் சிறைச்சாலையுமேயாகும். குற்றம் செய்யாதவனுக்குச் சட்டத்தோடு என்ன தொடர்பு என்று எண்ணுவோரும் உளர். ஆயின், ஒருவன் பிறந்ததும் அவனது பிறப்பைப் பதிவதும், அவன் மணம் முடிப்பதும், காணி வாங்குவதும், கடன் கொடுப்பதும், இறந்தபின் அவனுடைய பொருள் இன்னாரைச் சேரும் என்று முடிவாவதும் எல்லாம் சட்டத்தின் வழியேயாகும். குற்றத்தைத் தண்டிப்பது சட்டத்தின் ஒரு கிளை மாத்திரமே. ஏனைய கிளைகளின் நிழலிலேதான் பெரும்பாலான மக்கள் தம் வாழ்நாள் முழுவதையும் கழிக்கின்றனர்.

இலங்கையில் இக்கிளைகள் ஒரே வேரிலிருந்து தோன்றியவையல்ல. யாழ்ப்பாணத்தில் ஒரு பெண்ணுக்குச் சீதனமாகக் கிடைத்த நான்கு பரப்புக் காணியை எடுத்துக்கொள்வோம். அக்காணி அவளுக்கு எவ்வாறு உரியதாயிற்று என்பதற்கு விடை கூறுவது தமிழர் வழக்காறு. அதனை அவள் விற்கும் உறுதி எவ்வாறு எழுதப்படல் வேண்டும் என்பதைக் கூறுவது ஆங்கிலேயர் ஆட்சியில் இயற்றப்பட்ட கட்டளைச் சட்டம். வழக்காறும் கட்டளைச் சட்டமும் வாய்திறவாத இடத்தில் விடை தருவது ஒல்லாந்து நாட்டு அறிஞர் எழுதிவைத்த சட்டம். ஒரு சிறு வேலிக்குள்ளே முந்நூறு ஆண்டு வரலாறு அடங்கிக் கிடக்கின்றது.

அவ்வரலாற்றின் முதற்பகுதி வழக்காறு பற்றியது. யாழ்ப்பாண இராச்சியத்தைப் போர்த்துக்கேயர் 1619 ஆம் ஆண்டிற் கைப்பற்றினர்; 1658 இல் அது ஒல்லாந்தர் வசமாயிற்று. காணி, சீதனம், ஈடு, ஒற்றி, மரபுரிமை ஆகியவை பற்றி மக்களிடையே எழுந்த பிணக்குகளைத் தீர்க்க முற்பட்ட ஒல்லாந்தருக்கு ஓர் இடர் ஏற்பட்டது. மக்கள் கைக்கொண்ட விதிகள் அவர்கள் நினைவில் இருந்தனவேயன்றி, நீதிமன்றத்திற் புரட்டிப் பார்க்கத்தக்க ஏட்டில் இல்லை. ஆகவே, தேசாதிபதி கோர்னேலிஸ் யொவான் சைமன்ஸ் என்பவரின் கட்டளைப்படி, யாழ்ப்பாணத்தில் நீண்டகாலம் வாழ்ந்து மக்கள் வழக்கங்களை அறிந்திருந்த திசாவை கிளாஸ் ஐசாக்ஸ், அவ்வழக்கங்களைத் தொகுத்து 1707 ஆம் ஆண்டு தை மாதத்திற் சமர்ப்பித்தார். அத்தொகுப்புத் தமிழில் மொழிபெயர்க்கப்பட்டுப் பன்னிரண்டு முதலிமாரிடம் கொடுக்கப்பட்டது. அவர்கள் அதனைப் பரிசீலித்து, நாட்டு வழக்கோடு ஒத்தது என்று உறுதி கூறினர். இதுவே தேசவழமை எனப்படுவது.

வழக்காறு சட்டமாகும் முறைக்கு இந்நிகழ்ச்சி நல்ல எடுத்துக்காட்டு. மக்கள் நெடுங்காலம் தடையின்றிக் கைக்கொண்டு வரும் ஒழுங்கு வழக்காறு ஆகும். அதை மீறியவனைத் தடுக்க ஓர் அதிகாரம் முன்வரும்போது அது சட்டத்தின் வலிமையைப் பெறுகின்றது. ஆங்கிலேயர் 1806 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்க ஒழுங்கு விதியினால் தேசவழமைக்கு முழு வலு அளித்தபோது அவ்வலிமை நிலைபெற்றது.

தேசவழமை ஆதனத்தைப் பலவாறு பகுத்தது. தந்தைவழி வருவது முதுசொம். பெண் மணத்தின்போது கொண்டு செல்வது சீதனம். கணவனும் மனைவியும் இல்லறத்திற் சேர்ந்து ஈட்டுவது தேடிய தேட்டம். பழைய வழக்கின்படி முதுசொம் ஆண்மக்களையும் சீதனம் பெண்மக்களையும் சென்றடைந்தன. சீதனம் பெற்ற மகள் அதனோடு அமைந்து, பெற்றோரின் எஞ்சிய பொருளைச் சகோதரருக்கு விட்டுவிடல் வேண்டும். ஆயினும், ஆட்சிகள் மாறிய காரணத்தால், சிறப்பாகப் போர்த்துக்கேயர் காலத்தில், இவ்வழக்கங்கள் சிறிது சிறிதாக மாறின என்பதை அத்தொகுப்பே எடுத்துரைக்கின்றது. பழமையானது என்று போற்றப்படும் வழக்காறும் எழுதப்படுமுன்னரே மாறிக்கொண்டு வந்தது என்பது இதனாற் புலனாகும்.

இங்கு மற்றோர் உண்மையையும் மறைத்தல் ஆகாது. தொகுப்பைச் சரிபார்த்தவர்கள் முதலிமார். சமூகத்தின் உயர்நிலையில் இருந்த ஆடவர். சீதனத்தைப் பற்றிப் பெண்கள் கேட்கப்படவில்லை. அடிமைகளைப் பற்றிய விதிகளும் அத்தொகுப்பில் இடம்பெற்றன. அடிமைகளோ கேட்கப்படவே இல்லை. 1844 ஆம் ஆண்டில் இலங்கையில் அடிமைமுறை ஒழிக்கப்பட்டபோது அவ்விதிகள் உயிரற்றுப் போயின. வழக்காறு என்பது மக்கள் சம்மதம் என்று கூறுமிடத்து, எந்த மக்களின் சம்மதம் என்ற வினாவும் உடன் எழுதல் வேண்டும்.

ஒரு வகுப்பினரையோ ஒரு பிரதேசத்தினரையோ தழுவி நிற்கும் இத்தகைய சட்டத்தை ஆட்சார் சட்டம் எனலாம். கண்டியச் சட்டமும் முஸ்லிம் சட்டமும் இவ்வகையின. மட்டக்களப்பிற் பெண்வழி மரபுரிமையைப் போற்றிய முக்குவச் சட்டமும் ஒருகாலத்தில் இருந்தது. அது பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வழக்கொழிந்தது.

இவற்றுக்கெல்லாம் அடித்தளமாக, நாட்டின் பொதுச் சட்டமாக விளங்குவது உரோம-ஒல்லாந்தச் சட்டம். பழைய உரோமாபுரியின் சட்ட நெறிகளை ஒல்லாந்து நாட்டு வழக்கங்களோடு இணைத்து அந்நாட்டறிஞர் வளர்த்த சட்டம் அது. அவ்வறிஞருள் முதன்மையானவர் கூகோ குரோசியசு. அவர் அரசியற் கைதியாகக் கோட்டைச் சிறையில் இருந்த காலத்தில் எழுதிய சட்ட அறிமுக நூல் 1631 இல் வெளிவந்தது. ஆங்கிலேயர் இலங்கையின் கரையோரத்தைக் கைப்பற்றியபின், 1799 ஆம் ஆண்டுப் பிரகடனத்தால் ஒல்லாந்தர் காலச் சட்டங்கள் தொடர்ந்து நடைபெற இடமளித்தனர். ஒல்லாந்து 1809 இல் புதிய சட்டக்கோவையை ஏற்றுப் பழையதைக் கைவிட்டது. பிறந்த நாட்டில் மறைந்த சட்டம் இலங்கையிலும் தென்னாபிரிக்காவிலும் இன்றும் வாழ்கின்றது.

மூன்றாவது அடுக்கு சட்டமன்றம் எழுத்திலே இயற்றிய சட்டங்கள். இவற்றுட் பலவற்றுக்கு ஆங்கிலச் சட்டமே முன்மாதிரி. மேற்கூறிய நான்கு பரப்புக் காணியைக் கொண்டு இவற்றின் வேறுபாடுகளை விளக்கலாம். அக்காணியை வாய்ச்சொல்லால் விற்க முடியாது. நொத்தாரிசு முன்னிலையில், இரு சாட்சிகள் கையொப்பமிட, உறுதி எழுதப்படல் வேண்டும் என்பது 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின் விதி. அயலவன் ஒருவன் வேலியை நகர்த்தி, உரிமையாளரின் உரித்தை ஏற்காது பத்து ஆண்டுகள் இடையறாது ஆண்டுவந்தானாயின், 1871 ஆம் ஆண்டின் ஆட்சியுரிமைச் சட்டத்தின்படி அந்நிலம் அவனுடையதாதல் கூடும். உரிமையுடையவரும் விழிப்பாக இருத்தல் வேண்டும் என்பதே இதன் கருத்து.

அயலவன் அக்காணியில் நின்ற பனையைத் தறித்து எடுத்துச் சென்றான் என்க. இச்செயல் ஒன்றே, ஆயின் இதிலிருந்து இருவேறு வழக்குகள் பிறத்தல் கூடும். உரிமையாளர் தமக்கு ஏற்பட்ட இழப்புக்கு நட்டஈடு கேட்டுத் தொடுப்பது குடியியல் வழக்கு. திருட்டுக்காக அரசு தொடுப்பது குற்றவியல் வழக்கு. நிலத்தில் நிற்கும் மரம் நிலத்தின் பகுதி. அது திருடத்தக்க பொருளன்று. தறிக்கப்பட்ட கணமே அது அசையும் பொருளாகித் திருட்டுக்கு உரியதாகின்றது. 1860 ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டக்கோவையைப் பின்பற்றி 1883 இல் இயற்றப்பட்ட இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவை இந்நுட்பத்தைத் தெளிவாக வகுத்துள்ளது. குடியியல் வழக்கில் எவர் பக்கம் உண்மை இருத்தல் கூடும் என்று நீதிபதி நிறுத்துப் பார்ப்பார். குற்றவியல் வழக்கிலோ நியாயமான ஐயத்துக்கு இடமில்லாவாறு குற்றம் நிரூபிக்கப்படல் வேண்டும். ஒருவனுடைய பொருளைவிட அவனுடைய விடுதலை பெரிது என்று சட்டம் கருதுவதே இவ்வேறுபாட்டுக்குக் காரணம்.

இனி, உரிமை இது, கடமை இது என்று கூறுவது ஒரு வகைச் சட்டம். அவ்வுரிமையை நீதிமன்றத்தில் நிலைநாட்டும் வழியைக் கூறுவது மற்றொரு வகை. 1889 ஆம் ஆண்டின் குடியியல் நடைமுறைக் கோவையும் 1895 ஆம் ஆண்டின் சான்றுக் கட்டளைச் சட்டமும் இரண்டாம் வகையின. உரிமை இருந்தும், உரிய காலத்தில் உரிய முறையில் வழக்குத் தொடுக்காமையாற் பொருளிழந்தோர் பலர்.

தேசவழமையும் இவ்வெழுத்துச் சட்டங்களுக்குப் புறம்பாய் நிற்கவில்லை. 1911 ஆம் ஆண்டின் 1 ஆம் இலக்க யாழ்ப்பாண விவாக உரிமை, மரபுரிமைக் கட்டளைச் சட்டம் அதன் பல பகுதிகளைத் திருத்தியது. 1947 இல் மேலும் திருத்தங்கள் வந்தன. காணியை அந்நியருக்கு விற்குமுன் பங்காளிகளுக்கும் உரித்தாளிகளுக்கும் அறிவித்தல் வேண்டும் என்னும் பழைய விதியும் அவ்வாண்டிலேயே தனிச் சட்டமாயிற்று.

1911 ஆம் ஆண்டுச் சட்டம் மணமான பெண்ணின் ஆதனம் அவளுடையதே என்று ஏற்றது. அசையும் ஆதனத்தை அவள் தன் விருப்பம்போற் கையாளலாம். ஆயின் காணி போன்ற அசையா ஆதனத்தை உயிரோடிருக்கும்போது கைமாற்றுவதற்குக் கணவனின் எழுத்து மூலமான சம்மதம் வேண்டும் என்று விதித்தது. கணவன் அவளைக் கைவிட்டுச் சென்றாலும், அவன் இருக்குமிடம் தெரியாவிட்டாலும், நியாயமின்றிச் சம்மதம் மறுத்தாலும், அவள் மாவட்ட நீதிமன்றத்தை நாடி அனுமதி பெறலாம். இவ்விதி எழுதப்பட்ட காலத்தில், இருக்குமிடம் தெரியாத கணவன் என்பது அரிதாக நிகழக்கூடிய ஒன்றாகத் தோன்றியிருக்கும். 2009 இல் முடிவுற்ற நீண்ட போருக்குப்பின் வடபகுதியில் அது பல குடும்பங்களின் அன்றாட நிலையாயிற்று. பிள்ளையின் படிப்புக்காகவோ வைத்தியச் செலவுக்காகவோ தன் சீதனக் காணியை விற்க முற்படும் பெண், கணவன் திரும்பி வருவான் என்னும் நம்பிக்கையை நெஞ்சிற் சுமந்தவாறே, அவன் இருக்குமிடம் தெரியாது என்று மன்றில் எழுதிக்கொடுக்க வேண்டியவளாகின்றாள். இவ்விதியைத் திருத்தல் வேண்டும் என்னும் கோரிக்கை பலராலும் எழுப்பப்பட்டு வந்துள்ளது. ஒரு சமூகத்தின் தனி அடையாளமாய் நிற்கும் வழக்காற்றிற் கைவைத்தல் ஆகாது என்போரும் உளர்.

இரு சாராரும் தேசவழமையின் வரலாற்றை மறத்தல் ஆகாது. அது வானத்திலிருந்து இறங்கியதன்று. மக்கள் வாழ்க்கையிற் பிறந்து, போர்த்துக்கேயர் காலத்தில் மாறி, ஒல்லாந்தர் காலத்தில் எழுத்தாகி, ஆங்கிலேயர் காலத்திற் சட்டமாகி, 1911 இலும் 1947 இலும் திருத்தம் பெற்றது. சட்டம் கற்கத் தொடங்கும் மாணவன் முதலிற் கேட்கவேண்டிய வினாக்கள் மூன்று: இவ்விதி எங்கிருந்து வந்தது? யாரைக் கட்டுப்படுத்துகின்றது? யாரைக் கேட்டு ஆக்கப்பட்டது? முதல் இரண்டுக்கும் விடை நூல்களில் உண்டு. 1707 இல் பன்னிரண்டு பேரிடம் மாத்திரம் கேட்கப்பட்ட மூன்றாவது வினாவை, சீதன உறுதியைக் கையிற் பிடித்து மாவட்ட நீதிமன்ற வாயிலில் நிற்கும் பெண்ணிடமும் கேட்பது இக்காலத்தவர் கடனாகும்.