டொம் புளோரஸ்: இருமுறை கழிக்கப்பட்ட வீரர், இருமுறை கிண்ணம் வென்ற பயிற்றுவிப்பாளர்

அமெரிக்க உதைபந்தாட்டத்தில் பந்தைக் காலால் உதைப்பதைவிடக் கையால் எறிவதும் ஏந்தி ஓடுவதுமே அதிகம். பதினொரு பேர் கொண்ட அணியில், ஒவ்வொரு நகர்விலும் பந்தை முதலில் வாங்கி, யாருக்கு எறிவது, யாரிடம் கொடுப்பது என்று சில விநாடிகளுக்குள் தீர்மானிப்பவர் குவாட்டர்பேக். அந்த இடத்தில் விளையாடி, பின்னர் தலைமைப் பயிற்றுவிப்பாளராக உயர்ந்தவர்களுள் டொம் புளோரஸ் முக்கியமானவர்.

1937ஆம் ஆண்டு கலிபோர்னியாவின் பிரெஸ்னோ நகரில் பிறந்தார். மெக்சிகோ வம்சாவளியைச் சேர்ந்த அவரது குடும்பம் தோட்டங்களில் கூலிவேலை செய்து பிழைத்தது. சிறுவனாக அவரும் அந்த வேலைக்குப் போனார்.

கல்லூரிப் படிப்பு முடிந்ததும் 1958இல் கனடாவின் கல்கரி அணியும், 1959இல் வொஷிங்டன் அணியும் அவரை வேண்டாமென்று அனுப்பிவிட்டன. 1960இல் புதிதாக உருவான ஒக்லாண்ட் ரெய்டர்ஸ் அணியே அவருக்கு இடம் கொடுத்தது. அவ்வணியின் முதல் குவாட்டர்பேக் அவர். அமெரிக்கத் தொழில்முறை உதைபந்தாட்டத்தில் அந்த இடத்தை வழமையாக வகித்த முதல் லத்தீன் அமெரிக்க வம்சாவளி வீரரும் அவரே.

1962இல் காசநோய் அவரை முழுப் பருவகாலமும் களத்துக்கு வெளியே நிறுத்தியது. அவரில்லாத அந்த ஆண்டில் ரெய்டர்ஸ் 14 போட்டிகளில் ஒன்றில் மட்டுமே வென்றது. 1963இல் மீண்டு வந்தார். அணி 10 போட்டிகளை வென்றது. அவ்வாண்டு டிசம்பரில் ஹூஸ்டன் அணிக்கு எதிரான ஒரே ஆட்டத்தில் ஆறு டச்டவுன் எறிகளை வீசினார். பின்னர் பபலோ அணிக்கும், 1969இல் கன்சாஸ் சிற்றி அணிக்கும் சென்றார். அங்கு மாற்று வீரராக இருந்தபோது முதலாவது சுப்பர் போல் வெற்றி கிடைத்தது.

விளையாட்டிலிருந்து ஓய்வுபெற்றபின் உதவிப் பயிற்றுவிப்பாளரானார். 1977 ஜனவரியில் ரெய்டர்ஸ் வென்ற சுப்பர் போலில் அவருக்கும் பங்குண்டு. 1979இல் அதே அணியின் தலைமைப் பயிற்றுவிப்பாளரானார்.

1980 பருவகாலத்தின் ஐந்தாவது போட்டியில் அணியின் குவாட்டர்பேக் கால் முறிந்து வெளியேறினார். புளோரஸ் களமிறக்கியது ஜிம் பிளங்கெட்டை. பார்வையற்ற பெற்றோரின் மகனான பிளங்கெட், முந்தைய அணியால் கழித்துவிடப்பட்டவர். அவரும் மெக்சிகோ வம்சாவளியினரே. 1981 ஜனவரியில் பிலடெல்பியாவை 27–10 எனத் தோற்கடித்து ரெய்டர்ஸ் கிண்ணம் வென்றது. தமது பிரிவில் முதலிடம் பெறாமல், 'வைல்ட் கார்ட்' வாய்ப்பில் உள்ளே வந்து சுப்பர் போலை வென்ற முதல் அணி அதுவே. சிறுபான்மைச் சமூகமொன்றிலிருந்து வந்து அக்கிண்ணத்தை வென்ற முதல் தலைமைப் பயிற்றுவிப்பாளரானார் புளோரஸ். லொஸ் ஏஞ்சல்ஸுக்கு இடம்பெயர்ந்த அதே அணி, 1984 ஜனவரியில் வொஷிங்டனை 38–9 என வென்றது. ஒரு காலத்தில் அவரை வேண்டாமென்ற அணி அது.

எல்லாம் வெற்றியாகவே முடிந்துவிடவில்லை. 1992 முதல் 1994 வரை சியாட்டில் அணிக்குப் பயிற்றுவித்தபோது 14 வெற்றிகளும் 34 தோல்விகளுமே கிடைத்தன. அத்துடன் அவரது பயிற்றுவிப்புக் காலம் நிறைவுற்றது. மொத்தக் கணக்கு 97 வெற்றி, 87 தோல்வி. ஆனால் வென்றே ஆகவேண்டிய இறுதிக்கட்டப் போட்டிகளில் எட்டு வெற்றி, மூன்று தோல்வி மட்டுமே.

வீரராக, உதவிப் பயிற்றுவிப்பாளராக, தலைமைப் பயிற்றுவிப்பாளராக என மூன்று நிலைகளிலும் சுப்பர் போல் வென்ற முதல் மனிதர் அவர். இருந்தும், தொழில்முறை உதைபந்தாட்டப் புகழ் மண்டபத்தின் கதவு அவருக்கு 2021இல்தான் திறந்தது. அப்போது அவருக்கு வயது 84.