இருபத்தாறு எழுத்து ராட்சஸர்கள்

தொடர்கதை எழுதுகிறவனுக்கு நடுநிசியில் விழித்திருப்பது தொழிலோடு ஒட்டிக்கொண்டு வந்த வியாதி. சென்ற ஆண்டு ஐப்பசியில் ஓர் இரவு, கதாநாயகியை ரயிலில் ஏற்றி அனுப்புவதா, பிளாட்பாரத்திலேயே நிறுத்திவைப்பதா என்று தீர்மானிக்க முடியாமல், தண்ணீர் குடிக்கலாம் என்று கூடத்துக்கு வந்தேன். பரீட்சைக்குப் படிக்கவென்று எங்கள் வீட்டில் தங்கியிருந்த என் தமக்கை மகன், விளக்கைக்கூடப் போடாமல் கம்ப்யூட்டரின் முன்னால் உட்கார்ந்திருந்தான். திரை வெளிச்சத்தில் அவன் முகம் தெரிந்தது. அந்தக் காலத்தில் தந்தி வந்த வீட்டில் பார்க்கிற முகம் அது.

"என்னடா, ஊரிலிருந்து ஏதாவது சேதியா?" என்றேன்.

"இல்லை மாமா. செத்துப் போயிட்டேன்" என்றான்.

திரையை எட்டிப் பார்த்தேன். படம் என்று ஒன்றும் இல்லை. கறுப்புத் தரையில் புள்ளிகள், கோடுகள், இங்கொன்றும் அங்கொன்றுமாக ஆங்கில எழுத்துக்கள். அச்சுக்கூடத்தில் எழுத்துப் பெட்டியைக் கைதவறிக் கவிழ்த்துவிட்டாற்போல் இருந்தது. அவற்றுள் ஒன்றைத் தொட்டுக் காட்டி, "இதுதான் நான். இப்போ ஆவி" என்றான். பக்கத்தில் சிதறிக் கிடந்த குறிகள் அவனுடைய வாள், கேடயம், மருந்துக் குப்பிகள். ஆள் இறந்ததும் சொத்து முழுவதும் அந்த இடத்திலேயே விழுந்துவிடுமாம். ஏழு வாரம் தேடிச் சேர்த்த சொத்து. அதே பாதாளத்தில் வேறு தேசத்து ஆட்கள் நாலைந்து பேர் அந்த நிமிஷத்தில் உலாவிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் யார் அந்தப் பக்கம் வந்தாலும் பொறுக்கிக்கொண்டு போகலாம், கேட்பாரில்லை.

படிக்க வந்த பிள்ளை இப்படி உட்கார்ந்திருக்கிறானே என்று எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. வெறும் எழுத்தைப் பார்த்து ஒருவன் கண்கலங்குகிறான் என்றால் அது என் தொழிலைச் சேர்ந்த விஷயம் அல்லவா? எங்கள் பத்திரிகைக் கதைக்கு இரண்டு வர்ணப் படம் போட்டும் சில வாரம் யாரும் கலங்கமாட்டேன் என்கிறார்கள். அந்தப் பொறாமையில்தான் இந்த விளையாட்டின் பூர்வோத்தரத்தைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

கதை ஒரு குகையில் தொடங்குகிறது, நிஜமான குகை. அமெரிக்காவில் கென்டக்கி மாகாணத்தில் மம்மத் குகை என்று மைல் கணக்கில் நீளும் குகை ஒன்று உண்டு. வில் க்ரௌதர் என்ற கம்ப்யூட்டர் நிபுணருக்கு அதற்குள் தவழ்ந்து போய் அளந்து வரைபடம் போடுவதில் அபார மோகம். அவரும் மனைவியுமாகச் சேர்ந்து செய்த காரியம் அது. 1970-களின் நடுவில் அந்தத் தம்பதிகள் பிரிந்தார்கள். அப்பாவைப் பார்க்க வரும்போது இரண்டு பெண்களும் விளையாடட்டும் என்று, தாம் அறிந்த அந்தக் குகையையே க்ரௌதர் வார்த்தைகளால் கம்ப்யூட்டருக்குள் கட்டினார். "வடக்கே போ", "விளக்கை எடு" என்று தட்டினால், எதிரே என்ன இருக்கிறது என்று யந்திரம் எழுத்தில் சொல்லும். 'அட்வெஞ்சர்' என்று பேர். 1977-ல் டான் வுட்ஸ் என்ற ஸ்டான்போர்டு சர்வகலாசாலை மாணவர் அதை எடுத்து விஸ்தரித்தார். பிறகு அது கம்ப்யூட்டர் இருந்த இடமெல்லாம் பரவியது. ஒரு குடும்பம் உடைந்த இடத்திலிருந்து இத்தனை பெரிய ஆறு புறப்பட்டிருக்கிறது. இதை நான் கதையாக எழுதினால் "செயற்கை" என்று கடிதம் வரும்.

ஆனால் அட்வெஞ்சருக்கு ஒரு குறை இருந்தது. ஒரு முறை குகையின் ரகசியம் தெரிந்துவிட்டால் மறுமுறை ருசி இல்லை. கலிபோர்னியாவில் ஸாண்டா க்ரூஸ் சர்வகலாசாலையில் படித்த மைக்கேல் டாய், க்ளென் விச்மன் என்ற இரண்டு வாலிபர்களை இந்தக் குறை உறுத்தியது. விளையாட்டைச் செய்தவனே விளையாடி ஆச்சரியப்பட வேண்டும்; அப்படி ஒன்று செய்ய முடியாதா என்று யோசித்தார்கள். இந்த ஏக்கத்தை என்னைப்போல் அறிந்தவர் இருக்க மாட்டார்கள். கொலை செய்தது யார் என்று வாசகர்கள் வாரா வாரம் தவிக்கிறார்கள். எனக்கு மட்டும் அந்தத் தவிப்பு கிடையாது. என் நாவலை நானே படிப்பது ஆறின காப்பி.

அவர்கள் கண்ட வழி, பாதாளத்தை ஒவ்வொரு முறையும் யந்திரமே குலுக்கிப் போடவேண்டும் என்பது. அறைகள், வழிகள், புதையல், பூதம் எல்லாம் சோழி உருட்டினாற்போல் புதிதாக விழும். 1980-ஐ ஒட்டி உருவான அந்த விளையாட்டுக்கு 'ரோக்' என்று பேர் வைத்தார்கள். போக்கிரி என்று பொருள். டாய் பெர்க்லிக்குப் போனபோது கென் ஆர்னால்டு என்பவர் துணை சேர்ந்தார். திரையில் நினைத்த இடத்தில் நினைத்த எழுத்தை வைக்கும் சாமர்த்தியத்தை ஒரு கருவியாக அவர் முன்பே செய்து வைத்திருந்தார். அதன் பேர் 'கர்ஸஸ்', அதாவது சாபங்கள். சாபம் என்றாலும் வரமாகத்தான் வேலை செய்தது. அந்த நாள் திரை 80 எழுத்து அகலம், 24 வரி உயரம். ஆக 1,920 எழுத்துக்கள். மெதுவான டெலிபோன் கம்பி வழியாக நொடிக்குச் சுமார் 30 எழுத்துத்தான் வரும். முழுத் திரையையும் ஒவ்வொரு தரமும் அனுப்பினால் ஓர் அடி எடுத்து வைக்க ஒரு நிமிஷத்துக்கு மேல் ஆகும். மாறிய எழுத்தை மட்டும் மாற்றி வைத்தால் கண நேரம் போதும். எழுத்துப் படம் பிறந்தது ரசனையால் அல்ல, சிக்கனத்தால்.

ரோக்கில் நாயகனுக்கு @ என்ற குறி. ஆங்கிலப் பெரிய எழுத்துக்கள் இருபத்தாறும் இருபத்தாறு ராட்சஸர்கள். இருபத்தாறு தளம் இறங்கி யெண்டார் தாயத்தை எடுத்துக்கொண்டு மறுபடி மேலே ஏறி வரவேண்டும். நடுவில் இறந்தால் இறந்ததுதான். பாதி ஆட்டத்தைச் சேமித்து வைக்கலாம். ஆனால் மறுநாள் திறந்ததும் அந்தச் சேமிப்பை யந்திரம் அழித்துவிடும். போன உயிரைத் திருப்பி வாங்க முடியாது. இந்த ஒரு சட்டம்தான் விளையாட்டுக்கு எலும்பும் நரம்பும் தந்தது என்பது என் அபிப்பிராயம். சாகாவரம் பெற்ற நாயகனைப் பற்றி யாருக்கு என்ன கவலை? 1983-ல் வெளியான பெர்க்லி யூனிக்ஸ் என்ற கம்ப்யூட்டர் ஏற்பாட்டோடு ரோக்கும் கூடவே போய்ச் சேர்ந்தது. கலாசாலை கலாசாலையாகப் பிள்ளைகள் இரவுகளைத் தொலைத்தார்கள். பிறகு அதையே கடைச் சரக்காக விற்கப் பார்த்தபோது வியாபாரம் எடுபடவில்லை.

ரோக்கின் மூல எழுத்தை வெளியாருக்குக் கொடுக்கவில்லை. அதனால் மற்றவர்கள் தாங்களே எழுத வேண்டியதாயிற்று. அதுவும் நல்லதுக்குத்தான் ஆயிற்று. மஸாசூஸட்ஸில் ஜே பென்லேஸன் என்ற பள்ளி மாணவன் 1982-ல் நண்பர்களோடு சேர்ந்து 'ஹாக்' எழுதினான். அதன் வம்சத்தில் 1987-ல் 'நெட்ஹாக்' வந்தது. ஒருவரையொருவர் பார்த்தறியாத ஆட்கள் கம்ப்யூட்டர் வலையின் மூலமே கூடிச் செய்ததால் அந்தப் பேர். இந்தக் கிளையில் ஒரு விசித்திர ஏற்பாடு உண்டு. ஒரு யந்திரத்தில் பலர் தனித்தனியே ஆடுவார்கள். ஒருவன் ஆழத்தில் எங்கோ இறந்தால், அந்தத் தளத்தை அப்படியே சில சமயம் யந்திரம் எடுத்து வைத்துக்கொள்ளும். எலும்புக் கோப்பு என்று அதற்குப் பேர். மாதங்கள் கழித்து இன்னொருவன் அங்கே இறங்குவான். முன்னவனுடைய ஆவி நிற்கும்; உடைமைகள் குவிந்து கிடக்கும், அநேகமாக சாபம் ஏறினவை. அவனைக் கொன்ற ராட்சஸனும் அங்கேயே காத்திருப்பான். பக்கத்து மேஜைச் சிநேகிதனின் பேரை அந்த ஆவியின் மேல் படிக்கிறபோது எப்படி இருந்திருக்கும்! தனி ஆட்டத்துக்குள் இன்னொரு மனிதன் முதலில் நுழைந்தது இப்படி, பிரேதமாகத்தான்.

உயிரோடு நுழைந்தது இங்கிலாந்தில். எஸ்ஸெக்ஸ் சர்வகலாசாலையில் 1978-ல் ராய் ட்ரப்ஷா என்ற மாணவர், வார்த்தைக் குகைக்குள் பலர் ஒரே சமயத்தில் நுழையும்படி ஒன்று எழுதத் தொடங்கினார். 1980-ல் அவர் போகும்போது ரிச்சர்டு பார்ட்டில் என்ற இளையவர் கையில் கொடுத்துவிட்டுப் போனார். 'மட்' என்று பேர். பலர் இறங்கும் பாதாளம் என்பதன் சுருக்கம். புதையலைக் கொண்டுபோய் ஒரு சதுப்பு நிலத்தில் போட்டால் புள்ளிகள் ஏறும். ஏறி ஏறிக் கடைசியில் மந்திரவாதி ஆகலாம். மந்திரவாதிக்குப் பாதாளத்தையே ஆளும் அதிகாரம். யார் வேண்டுமானாலும் உழைத்து அந்த நிலையை எட்டலாம். பிறப்பைக் கொண்டு ஆளை எடைபோடும் சமூகத்தின்மேல் இருந்த கோபமும் அந்த அமைப்புக்குக் காரணம் என்று பார்ட்டில் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். வெளி ஆட்கள் ஆடவும் சர்வகலாசாலை அனுமதித்தது. ஆனால் யந்திரம் சும்மா கிடக்கும் இரவு வேளைகளில் மட்டும். டெலிபோன் கட்டணத்தை எண்ணிக்கொண்டே ஊரெல்லாம் உறங்கும்போது உட்கார்ந்து ஆடினார்கள். சண்டை இல்லாமல் அஜாக்கிரதையால் மாண்டால் பிழைத்து வர வழி உண்டு. சண்டையில் மாண்டால் ஆளே அழிந்து போவான். அந்தச் சாவை மட்டும் 'செத்துச் செத்தான்' என்று இரட்டித்துச் சொல்வார்களாம். தமிழில் அடுக்குத்தொடர் என்போம்.

இந்த மட்டில் கண்ணுக்கு வரைபடம் கிடையாது, வாக்கியம்தான். ரோக் வம்சத்தில் வரைபடம் உண்டு, கூட்டம் கிடையாது. இரண்டையும் சேர்க்க நினைத்தவர்களுக்கு எதிரே நின்ற பூதம் 'காலம்'. ரோக்கில் நீங்கள் ஒரு விசையைத் தட்டும்வரை உலகம் அசையாது. 'டி' என்ற எழுத்தாக டிராகன் எதிரே வாயைத் திறந்தபடி நிற்கும். நீங்கள் எழுந்துபோய்ச் சாப்பிட்டு, தூங்கி, மறுநாள் வந்து யோசிக்கலாம். சதுரங்கம் மாதிரி. பத்துப் பேர் ஒரே பாதாளத்தில் இருந்தால் எவனுடைய யோசனைக்காக எவன் காத்திருப்பது?

இதற்கு விடை வேறு கிளையிலிருந்து வந்தது. ஓக்லஹாமா சர்வகலாசாலையில் ராபர்ட் கோனெக் என்பவர், தாம் மாறிப்போன யந்திரத்தில் ரோக் இல்லையே என்ற ஏக்கத்தில் 1980-களின் தொடக்கத்தில் 'மோரியா' எழுதினார். அதை ஆதாரமாகக் கொண்டு 1990-ல் இங்கிலாந்தில் வாரிக் சர்வகலாசாலை மாணவர்கள் 'ஆங்பாண்ட்' செய்தார்கள். டோல்கீன் என்ற நாவலாசிரியரின் கற்பனை உலகத்துப் பேர்கள் இவை. ஆங்பாண்டின் ஆழம் 5,000 அடி. அடியில் அசுர சக்கரவர்த்தி உட்கார்ந்திருக்கிறான். 1997-ல் கெல்டன் ஜோன்ஸ் என்பவர் இதையே பலர் கூடி ஆடும்படி மாற்றினார். அதுதான் 'எம்ஆங்பாண்ட்'. அவர் செய்த தைரியமான காரியம், கடிகாரத்தை ஓடவிட்டது. நீங்கள் தட்டினாலும் தட்டாவிட்டாலும் உலகம் நகரும். சதுரங்கம் ஜல்லிக்கட்டாகிவிட்டது. பழைய ரசிகர்கள் சிலருக்கு இது பிடித்திராது. எனக்கும் நிதானமான ஆட்டம்தான் பிடிக்கும். ஆனால் அவசரம் வந்த இடத்தில்தான் உதவியும் வந்தது. இறந்தவன் உடனே அழிந்துவிடுவதில்லை. ஆவியாகிறான், சுவரை ஊடுருவி மிதந்து மேலே கோயிலுக்குப் போய்ச் சேர்ந்தால் உயிர் பெறலாம். அல்லது உயிர் கொடுக்கும் மந்திரச் சுருள் வைத்திருக்கிற எவனாவது வரவேண்டும். 'டோம்நெட்' முதலிய சந்ததிகளும் இந்த வழியில் பிறந்தவையே.

இத்தனை வர்ணப் படங்கள் வந்த பிறகும் ஏன் எழுத்து? 'குள்ளர் கோட்டை' என்று சொல்லக்கூடிய 'ட்வார்ப் போர்ட்ரஸ்' 2006 முதல் எழுத்துப் படத்தோடு இலவசமாக வந்தது. நியூயார்க் நவீனக் கலைக் காட்சிசாலை அதைத் தன் சேகரத்தில் சேர்த்துக்கொண்டது. 2022 டிசம்பரில் அதையே படம் போட்டு விலைக்கு விட்டார்கள், அமோகமாக விற்றது. ஆகையால் எழுத்தே போதும் என்று நான் வக்காலத்து வாங்கினால் பொய் சொன்னவனாவேன். ஆனால் இலவச எழுத்துப் பதிப்பையும் அவர்கள் நிறுத்தவில்லை. என் கதாநாயகி ஒருத்திக்குப் பத்திரிகையில் படம் வந்தபோது, "எங்கள் சாவித்திரி இவள் அல்ல" என்று ஓர் அம்மாள் எழுதியிருந்தார். நான் அவளை வர்ணித்ததே இரண்டு வரி. மிச்சத்தை அந்த அம்மாள்தான் எழுதியிருக்கிறார். அதில் கைவைக்க ஓவியருக்கு என்ன உரிமை?

இன்னொரு சங்கதி எனக்குத் தெரியாமலே இருந்தது. மட் வகை ஆட்டங்களைக் கண் பார்வை இல்லாதவர்கள் பல ஆண்டுகளாக ஆடி வருகிறார்கள். திரையில் வரும் வாக்கியத்தை யந்திரம் வாசித்துச் சொல்கிறது. அவர்கள் விரல்கள் பதில் தட்டுகின்றன. எதிரே போராடுகிறவனுக்கு இவருக்குப் பார்வை இல்லை என்று தெரியவே தெரியாது. எழுத்துக் கட்டங்களால் ஆன பாதாளம் அவர்களுக்கு அத்தனை சுலபமல்ல. வாக்கியப் பாதாளம் சுலபம். வர்ணம் வந்த நாளில் யாரை வெளியே நிறுத்தினோம் என்று ஒருவரும் யோசித்ததாகத் தெரியவில்லை.

அந்த இரவுக்கு வருகிறேன். நான் தண்ணீர்ச் செம்பை வைத்துவிட்டு மருமகன் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். ஆவி நகரவில்லை; சொத்தைக் காவல் காத்துக்கொண்டு நின்றது. சற்று நேரத்தில் திரையின் வலது ஓரத்திலிருந்து ஒரு @ வந்தது. பொருள்கள் கிடந்த இடத்துக்கு அருகில் வந்து நின்றது. பையன் மூச்சுவிடவில்லை, உண்மையைச் சொன்னால் நானும்தான். பிறகு ஒரு வரி மேலே ஓடியது.

"மாமா, சுருளைப் படிக்கிறான்!" என்றான்.

ஆவி மறைந்து அந்த இடத்தில் @ நின்றது. இவன் அவசர அவசரமாக வாளையும் கேடயத்தையும் பொறுக்கிக்கொண்டு, நன்றி என்று தட்டுவதற்குள், வந்தவன் > என்ற குறியின் மேல் ஏறினான். கீழே இறங்கும் படிக்கட்டுக்கு அதுதான் அடையாளம். இறங்கிப் போய்விட்டான். எந்த ஊரோ, ஆணோ பெண்ணோ, அங்கே பகலோ இரவோ!

"போய்ப் படுடா, காலையில் படிக்கலாம்" என்றேன். என் அறைக்குத் திரும்பி வந்து கதாநாயகியை ரயிலில் ஏற்றிவிட்டேன்.